ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை

புகுந்த வீட்டில் புது மருமகள் வாயிலிருந்து வரவே கூடாத பேச்சு ஒன்று உண்டு: "எனக்குத் தெரியும்." சமையல் தெரியும் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, உப்புக் கூடினால் ஒரு வேளைச் சோற்றோடு போயிற்று. கம்ப்யூட்டர் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நான் சொன்னேன். அதுவும் சபைச் செயலாளராக இருந்த என் மாமனாரிடம், கோழிக்கறியை வாயில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னேன்.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் மேனேஜருக்குப் பிரசன்டேஷன் செய்து கொடுப்பேன். எழுத்துகள் இடப்பக்கமிருந்து பறந்து வரும், வலப்பக்கம் உருண்டு போகும். அப்புறம் என் தம்பியின் பிறந்தநாளுக்கு போட்டோக்களை ஒட்டி ஒரு வீடியோ செய்திருந்தேன். அதில் முழுக்க ரோஜாப்பூ கொட்டும். (அவன் போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்த நேரம். இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.) இவ்வளவுதான் என் வித்தை. இதை வைத்துக்கொண்டுதான் மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மருமகளாக வந்து இறங்கி, மூன்றாம் மாதமே வாயைக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் சபையில் புதிய ஆலயம் கட்டிப் பிரதிஷ்டை நடந்திருந்தது. அத்தனை வருஷம் அதற்காக ஓடியாடிய போதகருக்கு உடனே மாற்றல் வந்துவிட்டது, விதுரா பக்கம் ஒரு மலையோரச் சபைக்கு. அவருக்கு வழியனுப்புக் கூட்டம் வைத்து, பிரதிஷ்டை வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டி, அதையே நினைவுப் பரிசாகக் கையில் கொடுப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. வீடியோ எடுத்தவர் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு ஓடிவிட்டார்.

"பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தா போராதா மாமா?" என்று கேட்டேன்.

மாமா சாலைக் கடைத்தெருவில் ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் விற்கிறவர். கையில் கனமாக இல்லாத எதையும் நம்ப மாட்டார். "பென்டிரைவா? அது ஒரு நாள் சட்டைப் பையோட வாஷிங் மெஷினுக்குள்ள போவும். சி.டி. மாதிரி தட்டுன்னா தலைமுறைக்கும் நிக்கும், கேட்டியா. அதும் ப்ளூரே தட்டு. நம்ம தம்பி மஸ்கட்ல இருந்து கொண்டுவந்த மெஷின் சும்மாதான இருக்கு?"

சும்மாதான் இருந்தது. டி.வி.க்குக் கீழே, லேஸ் துணி போர்த்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்து, வருஷக்கணக்காக ஒரு தட்டையும் விழுங்காமல் பட்டினி கிடந்தது.

"எனக்குத் தெரியும் மாமா, நான் செய்து தாறேன்" என்றேன். என் கணவர் செல்வின் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதி கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது.

"ஒரே ஒரு காரியம்" என்றார் மாமா, விரலை நீட்டி. "ஒரு வார்த்தைகூட வெட்டப்பிடாது. போன விழாவில ஒருத்தன் அந்தோணி அண்ணனுக்க நன்றியுரையை வெட்டினான். அந்தக் குடும்பம் இப்பம் வேற சபையில இருக்கு."

மறுநாள் அடுக்களையில் மாமி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். என் மாமியார் பொதுவாகப் பாடிக்கொண்டேதான் மீன் ஆய்வார். பாடகர் குழுவில் அவர் குரல்தான் குரல். கொஞ்ச நாளாக அடுக்களையில் சத்தமே இல்லை. காரணம் சபைக்கே தெரியும். பிரதிஷ்டை அன்று தனிப்பாட்டு அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அமிர்தமாகப் போன பாட்டு, இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரியில் நின்றுவிட்டது. வரி மறந்துவிட்டது. கீபோர்டு வாசித்தவரும் கையை எடுத்துவிட்டார். பேராயர் முதல் கைக்குழந்தை வரை அத்தனை பேரும் அவரையே பார்த்தபடி இருக்க, மாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு எப்படியோ பாடி முடித்தார். அன்றோடு பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

"பிள்ளே" என்றார் மாமி, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வீடியோவில நான் நின்ன இடம் உண்டும்லா. அத வெட்டிருவியா? இன்னொருக்க எல்லாரும் அதப் பாத்தா, சத்தியமா சொல்லுதேன், நான் பொறவு அந்த ஆலயப் படி ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். உள்ளி உரித்தால் வெங்காயக் கண்ணீர் என்று சமாளிக்கலாம், நெத்திலிக்குக் கண்ணீர் வராது. மாமா வெட்டாதே என்கிறார். மாமி வெட்டு என்கிறார். மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது, யாரையும் பகைத்துக்கொள்ள எனக்கு இன்னும் வயசாகவில்லை.

தட்டு வாங்கப் போனேன். சாலைக் கடைத்தெருவில் கிடைக்காத சாமானே கிடையாது என்பார்கள். ப்ளூரே தட்டு கிடைக்கவில்லை. ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் கேட்டபோது கடைக்காரர் என்னை அருங்காட்சியகத்திலிருந்து தப்பி வந்தவளைப் போலப் பார்த்தார்.

"ப்ளூரேயோ? இதொக்கெ இப்போ ஆரு வாங்குந்நு சேச்சி?" என்றவர் உள்ளே போய், தூசி தட்டிக்கொண்டு இரண்டு டப்பாக்களோடு வந்தார். "சிறுது வேணோ, வலுது வேணோ?"

பெரியதன் உறை அழுக்குச் சாம்பல் நிறம். சின்னதன் உறை பளபளவென்று மயில்நீலம். போதகருக்குப் பரிசாகக் கொடுப்பது அல்லவா? "சிறுது மதி", சின்னதே போதும் என்றேன், பெரிய கெட்டிக்காரி போல. (கொள்ளளவில் பெரியது இரண்டு மடங்கு என்பதும், அத்தோடு என் கதை சுபமாக முடிந்திருக்கும் என்பதும் ஞானிகளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியங்கள்.)

அதே கடையில் இரவல் வாங்கிய ப்ளூரே ரைட்டரைக் கம்ப்யூட்டரில் மாட்டி, சனிக்கிழமை உட்கார்ந்தேன். விழா மூன்றரை மணி நேரம். வீடியோவை சாப்ட்வேரில் ஏற்றி, தட்டில் எழுதச் சொன்னால், 'இடம் போதாது' என்றது. எவ்வளவு கொள்ளும் என்று தட்டிப் பார்த்தேன். இரண்டே முக்கால் மணி நேரத்தோடு தட்டு கையை விரித்துவிட்டது.

மீதி முக்கால் மணி நேரத்தை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு ஊருக்குப் பெட்டி கட்டும் கணக்குதான். பெட்டி மூடவில்லை என்றால் எதையாவது வெளியே எடுக்க வேண்டும். எதை எடுப்பது? பேராயரின் வாழ்த்தையா? கட்டடக் கமிட்டி அறிக்கையையா? அறிக்கை வாசித்தவர் மாமாவேதான். அந்தோணி அண்ணனின் காலி பெஞ்சு கண்ணில் வந்து நின்றது.

"வேண்டாத சோலிதான இது?" என்றார் செல்வின், தேங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டு. இந்த மாதிரி நேரத்தில் உதவியாக ஒரு வார்த்தை சொல்லக் கணவர்களுக்கு வராது.

அப்போதுதான் அந்தப் பட்டன் கண்ணில் பட்டது. 'மௌனங்களை நீக்கு.' பேச்சில்லாத, சத்தமில்லாத இடங்களைத் தானே கண்டுபிடித்து வெட்டி ஒட்டிவிடுமாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு வார்த்தைகூட வெட்ட வேண்டாம், வார்த்தை இல்லாத இடத்தைத்தானே வெட்டப் போகிறேன்? மாமாவின் கட்டளையும் நின்றது. மாமி நின்ற இடமும் போய்விடும். தட்டிலும் இடம் கிடைக்கும். ஒரே கல்லில் மூன்று மாங்காய்! எழுந்து நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அமுக்கினேன். நீலக் கோடு ஓடி முடிந்தது. மூன்றரை மணி நேரம் இரண்டரையாகச் சுருங்கி, தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு மௌனம் எங்கேயிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் ஒரு கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூச்சாடியை நகர்த்தி, மெஷினில் தட்டைப் போட்டு, முதல் பத்து நிமிடத்தை மாமாவுக்குக் காட்டினேன். பேண்டு வாத்தியம், பவனி, பாட்டு. முழுக்கச் சத்தம். ஆகவே முழுக்கச் சுத்தம்.

"கண்ணாடி மாதிரி இருக்கு மக்ளே!" என்று மாமா பூரித்துப்போய், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறார். தாழ்ப்பாள் வாங்க வந்தவர்கள்கூடத் தப்பவில்லை.

இங்கே எங்கள் போதகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். அவர் பிரசங்கத்தின் பலமே இடைவெளிதான். "கர்த்தர்..." என்பார். நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றுவார். ஜன்னலுக்கு வெளியே தென்னையைப் பார்ப்பார். நாமும் பார்ப்போம். செய்த பாவமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். "...நம்மை அறிவார்" என்று அவர் முடிக்கும்போது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வரலாம். இதை நான் நன்றாக அறிந்தவள். அறிந்துதான் அந்தப் பட்டனை அமுக்கினேன், என் அறிவுக்குக் கோயில் கட்ட வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஹாலில் திரை கட்டினார்கள். பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்தது. போதகரும் அவர் மனைவியும் முன்வரிசையில், மாலையோடு. மாமா செயலாளர் நாற்காலியில். மாமி கதவோரம், முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பாட்டு வந்தால் ஓடத் தயாராக. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, வெட்டிட்டேன், பயப்படாதீங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

பவனி நன்றாகப் போயிற்று. பேராயர் ஆலயக் கதவை மூன்று முறை தட்டும் கட்டம் வந்தது. நேரில் அது மெய்சிலிர்க்கும் நேரம். ஒரு தட்டு, அமைதி, இன்னொரு தட்டு, அமைதி. திரையில் பேராயர் 'டடட்' என்று தட்டினார், பஸ் கிளம்பிவிட்டது என்று கழிவறைக் கதவைத் தட்டுகிறவர் மாதிரி. எங்கோ ஒரு மூலையில் 'க்ளுக்' என்று சத்தம் கேட்டது.

அடுத்து, "எல்லாரும் தலைவணங்கி, சற்று நேரம் மௌனமாக ஜெபிப்போம்" என்றார் திரையில் எங்கள் போதகர். "ஆமென்."

அவ்வளவுதான். நடுவில் ஒன்றும் இல்லை. குனிந்த தலை குனிந்த வேகத்தில் நிமிர்ந்துவிட்டது, ஆயிரம் தலையும் ஒன்றாக. ஹாலில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு பிரசங்கம். ஆண்டவரே, அந்தப் பிரசங்கம்! கண்ணாடி மூக்கில் இருக்கும், கையில் இருக்கும், மறுபடி மூக்கில் இருக்கும். கை மேலே இருக்கும், உடனே கீழே இருக்கும். வாய் மட்டும் நிற்கவே இல்லை. கர்த்தர் நம்மை அறிவார் நாம் உட்காருவதை அறிவார் எழுவதை அறிவார் என்று, ஆட்டோவில் மைக் கட்டி லாட்டரி விற்பவரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார் எங்கள் போதகர். ஒரு மணி நேரப் பிரசங்கத்தில் பாதிகூட மிச்சமில்லை. போகட்டும், தேவையில்லாத சத்தமாவது போயிருக்கக் கூடாதா? அது ஒன்றுவிடாமல் இருந்தது. யாரோ ஒரு குழந்தை வீரிட்டது முழுசாக இருந்தது. "ஜெனரேட்டர் பக்கம் நிக்க வெள்ளக் காரை எடுத்து மாத்தணும்" என்ற அறிவிப்பு முழுசாக இருந்தது. மைக் அணைக்காமல் ஒருவர் "தயிரு வந்துட்டாடே?" என்று கேட்டது கணீரென்று இருந்தது. பரிசுத்தமான மௌனத்தையெல்லாம் துடைத்து எறிந்துவிட்டுத் தயிரைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

ஹாலே சிரித்து உருண்டது. பாடகர் குழுப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள், சிரித்து. நான் நாற்காலிக்கு அடியில் போக இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். மார்த்தாண்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் யோசித்தேன். மாமாவின் பின்கழுத்து செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

திடீரென்று மாமி என் கையைப் பிடித்தார். திரையில் அவர் வந்து மைக் முன் நின்றிருந்தார். ஹாலில் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரியும், அந்த இடம் வரப் போகிறது என்று. முதல் சரணம் போயிற்று. இரண்டாம் சரணம். இரண்டாம் வரி. மாமியின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. மூன்றாம் வரி வந்தது, போயிற்று. பாட்டு தண்ணீர் போல ஓடி முடிந்தது.

"பிள்ளே..." மாமி என் கையைப் பிடித்து உலுக்கினார். "நான் நிக்கல்லியே! நான் நிக்கவே இல்லியே!" முக்காடு தோளில் விழுந்துகிடந்தது. ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

யாரோ விளக்கைப் போட்டார்கள். போதகர் எழுந்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். நிறுத்தினார். அந்த நிறுத்தலைப் பார்த்ததுமே நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இத செய்த பிள்ளை... ஆரு?"

நான் எழுந்தேன். "நான்தான் ஐயா. ஒரு வார்த்தைகூட வெட்டல்ல ஐயா. தட்டுல இடம் கொள்ளல்ல, அதுனால சத்தம் இல்லாத இடத்த மட்டும்..."

போதகர் தென்னை இருக்கும் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து, பிரசங்கத்தக் கொஞ்சம் சுருக்குங்கன்னு... இவ சொல்லிட்டு இருக்கா. என்னால முடியல்ல. இந்தப் பிள்ளை... முடிச்சுக் காட்டிட்டு!"

ஹால் இடிந்து விழாதது புதுக் கட்டடம் என்பதால்தான். மாமாகூட, கழுத்துச் சிவப்பு மாறாமலே, தோள் குலுங்கச் சிரித்தார்.

போதகர் அத்தோடு விடவில்லை. "ஆனா பாட்டு சீக்கிரம் முடிஞ்சிட்டு. எனக்குப் போதாது. அக்கா, போகப்போற எனக்கு... ஒருக்கா நேர்ல பாடித் தரணும்."

மாமி முடியாது என்று தலையாட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். முதல் சரணம் பாடினார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இரண்டாம் சரணம், முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவது வரியில் நின்றார்.

அதே இடம். அதே வரி. கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். ஹாலில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். ஐயோ மாமி, ஐயோ மாமி என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மாமா பாதி எழுந்துவிட்டார்.

மாமி மைக்கைப் பிடித்தபடி என்னைத் தேடிப் பார்த்தார்.

"ஜெபா பிள்ளே" என்றார் மைக்கில். "இங்கயும் ஒண்ணு வெட்டிவிடு, கேட்டியா."

அந்தச் சிரிப்பு கரமனை ஆற்றைத் தாண்டிக் கேட்டிருக்கும். மாமிதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார், மைக்கைப் பிடிக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்த சிரிப்பில் தொலைந்த வரி தானே வந்து சேர்ந்துவிட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீதிப் பாட்டைப் பாடினார். அன்று பாடியது போல அவர் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை என்று செல்வின் சொல்வார். நான் அதை நம்புகிறேன்.

பிரியாணிக்கு முன்னால் போதகரை ஜெபிக்கச் சொன்னார்கள். பசியில் எல்லோரும் நீண்ட இடைவெளிகளுக்குத் தயாரானார்கள். அவர் கண்ணை மூடி, ஒரே மூச்சில் நன்றி சொல்லி, ஆமென் போட்டு, ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பிள்ளே, தட்டுல கொள்ளுமா?"

பிறகு ஒரு நாள் அதே சாப்ட்வேரைத் திறந்தபோதுதான் பார்த்தேன், 'தட்டில் அடங்குமாறு பொருத்து' என்று ஒரு பட்டன் நடு நெற்றிப் பொட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. அதை அமுக்கினால் படத்தின் தரத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைத்து, மூன்றரை மணி நேரத்தையும் சின்னத் தட்டிலேயே அடக்கிவிடும். ஒரு நொடி மௌனத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. அப்படி முழுசாக ஒன்று எழுதி விதுராவுக்கு எடுத்துப் போனோம். போதகர் வாங்கி அலமாரியில் வைத்தார். விருந்தாளி வந்தால் போட்டுக் காட்டுவது மௌனம் வெட்டிய பழையதைத்தானாம், அவர் மனைவி சொன்னார்.

முழுத் தட்டின் இன்னொரு பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. மாமி அதைத்தான் பார்ப்பார். தான் நின்ற இடம் வரும்போது பாத்திரம் துடைக்கிற கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "இவ்வளவுதானா? இதுக்குப் போயா நான் பாட்ட விடப் பாத்தேன்!" பாடகர் குழுவில் இன்றும் அவர் குரல்தான் குரல். அந்த மூன்றாம் வரி வரும்போது மட்டும் குழு முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

மாமாவின் சாப்பாட்டு ஜெபம் மட்டும் மாறவில்லை. போன ஞாயிறுகூட மேசையில் மீன்குழம்பு ஆவி பறக்க, எல்லோரும் கை குவித்திருக்க, மாமா கண்ணை மூடி, வானத்தையும் பூமியையும் படைத்ததிலிருந்து தொடங்கினார். ஆதாமைத் தாண்டி நோவாவின் பேழை வரை வந்திருப்பார். மாமியின் கை அதற்குள் குழம்புக் கரண்டியில் இருந்தது.

"ப்ளூரே" என்றார் மாமி.

"ஆமென்" என்றார் மாமா.